முழுச் சுறாவும் வெறும் வண்டிலும்

இன்று காலை சாவகச்சேரிச் சந்தையில் ஒரு பால்சுறா வாங்கினேன்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று சிரிக்காதீர்கள். கொடிகாமத்தில், முட்டைக் கோதைக்கூட வாசற்படலைக்குள் விடாத ஒரு சைவ வீட்டில் பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன் மீன் சந்தைக்குள் நுழைந்து, விலை பேசி, சுறா வாங்கினால் அது செய்திதானே?

மீன் விற்கிறவள் சுறாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன பிள்ளை, ஐயா?"

"இன்னும் பிறக்கேல்லை."

அவள் சுறாவைத் திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"பிறக்க முந்தியோ சுறா வாங்கிறியள்? நல்ல ஆள்தான்! சுறா நாளைக்கும் வரும், ஐயா. முதல்லை பிள்ளை பிறக்கட்டும்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று சின்னச் சுறா வாங்கிச் சமைத்துக் கொடுப்பார்கள். ஓர் ஆண்பிள்ளை பால்சுறாவோடு போவதைக் கண்டால், அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஊர் தீர்மானித்துவிடும். தந்தி அடித்துச் சொல்லத் தேவையில்லை.

இருந்தாலும் வாங்கினேன். எனக்குப் பொறுமை கிடையாது. வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அதை நான் புதிதாய்ச் சொல்ல வேண்டுமா?

இப்போது ஆசுப்பத்திரி விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். இருந்து என்றால்... இருந்து, எழும்பி, நடந்து, மறுபடியும் இருந்து. உள்ளே என் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷம். இதுதான் முதல் பிள்ளை. நேற்று மாலை கொண்டுவந்து சேர்த்தோம். "நேரம் கிடக்கு, வீட்டை போயிட்டு வாங்கோ" என்று நேர்ஸ் மூன்று தரம் சொல்லிவிட்டார். போக முடிகிறதா? வெளியே வேப்பமரத்தின் கீழே என் சைக்கிள். அதன் கைபிடியில் பனையோலைப் பைக்குள் சுறா. அதைச் சுற்றி இரண்டு காகம். ஒரு பந்தி எழுதுகிறேன், எழும்பிப் போய்க் காகம் கலைக்கிறேன், வந்து அடுத்த பந்தி எழுதுகிறேன்.

சண்டைக் காலத்துக் கடதாசித் தட்டுப்பாட்டில், 'சுருக்கமாய் எழுதும்' என்று பத்திரிகை ஆசிரியர் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். இன்றைக்குச் சுருக்க முடியாது. சுறாவுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

பதினாறு வருஷத்துக்கு முந்தி நான் ஒரு மிஷன் கொலிஜில் முதல் வருஷ பயோலொஜி மாணவன். ஹொஸ்டலில் தங்கிப் படித்தேன். வயது பத்தொன்பது.

ஏன் பயோலொஜி? டொக்டராக வரவேண்டும் என்ற ஆசையா? வீட்டில் அப்படித்தான் சொன்னேன். உண்மை வேறு. எனக்கு வாங்குப் பலகையில் ஓரிடமாய் இருக்க முடியாது. இங்கிலீஷ் வகுப்பில் என் கால் ஆடும். கணித வகுப்பில் வாங்கே ஆடும். பக்கத்தில் இருக்கிறவன் முறைப்பான். மாஸ்டர் வெளியே அனுப்புவார். வெளியே போனால் கொஞ்சம் நடக்கலாம் என்று நானும் சந்தோஷமாகப் போவேன்... இப்படியே பத்து வருஷம் படித்திருக்கிறேன்.

லபோரட்டரியில்தான் ஆளை நிற்க விட்டார்கள். நின்றுகொண்டே படிக்கிற பாடம்! கையில் சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ஊசி. முதன்முதலாக ஒரு தவளையின் நெஞ்சைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மயக்க மருந்தில் கிடந்த தவளை. அதன் இதயம் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தவன் பார்த்தபடியே நின்றுவிட்டேன். மணி அடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு மணித்தியாலமாக என் கால் ஆடவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முந்தி அறிந்ததில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

ஆனால் வீட்டில்?

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். புகையிலையும் தென்னையும் வைத்திருந்த கமக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். என்னைக் கொலிஜில் சேர்க்கும்போது ஒரேயொரு தரம் கேட்டார்.

"பயோலொஜி எண்டா என்ன படிப்பு, மோனை?"

"செடி கொடி, ஐயா."

பொய்யா? முழுப்பொய் இல்லை. முதல் தவணை செடி கொடிதான். செம்பரத்தம்பூவை நெடுக்காகப் பிளந்து படம் கீறினோம். இரண்டாம் தவணையில்தான் தவளை வந்தது, கரப்பான் வந்தது. நான் மட்டும் வீட்டுக்குக் கடிதத்தில் செம்பரத்தம்பூவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் ஐயா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"மிஷன்காரர் வேதத்தைப் படிப்பிச்சாலும் படிப்பிக்கட்டும். ஆனா நீ ஒரு உயிரிலை கத்தி வைச்சாய் எண்டு கேள்விப்பட்டனோ... அண்டைக்கே வண்டிலைக் கட்டிக்கொண்டு வருவன். பெட்டியோடை உன்னையும் ஏத்திக்கொண்டு வந்திடுவன்."

ஐயா ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் சொல்ல மாட்டார். சொன்னதைச் செய்துவிடுவார்.

இந்த நிலையில்தான் பயோலொஜி படிப்பித்த எபநேசர் மாஸ்டர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டார் — சுறா. திங்கட்கிழமை கொலிஜ் டெஸ்ட். அதில் தேறுகிறவர்களைத்தான் பெரிய சோதனைக்கு அனுப்புவார்கள். தேறாதவன் அடுத்த வருஷம் வேறு பாடம் பார்க்க வேண்டியதுதான். ஆளாளுக்கு ஒரு சின்னச் சுறா கொண்டுவர வேண்டும், கொலிஜ் தராது.

வகுப்பில் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் மீன் மச்சம் தின்கிற வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் சுறா வந்துவிடும். நான்? கொடிகாமத்துக்குக் கடிதம் எழுதி அம்மாவிடம் சுறா கேட்கவா?

சனிக்கிழமை காலை சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மயிலிட்டிக் கடற்கரைக்கு மிதித்தேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் மீன் வாங்கிய முதல் நாள். கரைக்குக் கிட்டப் போகவே நாற்றம் அடித்தது. லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அறிந்தவர்கள் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். கெதியாய் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்ற அவசரம் இன்னொரு பக்கம்.

மணலில் மீனைக் குவித்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். "சின்னச் சுறா ஒண்டு வேணும்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிள்ளைப்பெத்த வீட்டுக்கோ, தம்பி?"

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அவசரத்தில் இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பேன். ஓம் என்றால் கதை முடியும். இல்லை என்றால் நீளும்.

"ஓம்."

"தலைப்பிள்ளையோ?"

"ஓம்."

"ஆம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம், ஓம்."

"அப்ப வடிவா அரிஞ்சு, கழுவித் தரட்டோ?"

"ஓம், கெதியாத் தாங்கோ!"

என்ன கேட்டாள், நான் எதற்கு ஓம் சொன்னேன் — ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளிச் சின்னத்தம்பியர் நிற்கிறார். எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி. மீன்பிடிகாரருக்குத் தேங்காயும் கயிறும் விற்க வந்திருக்கிறார் போல. என்னைப் பார்த்தார். அவள் கையில் இருந்த ஓலைப் பையைப் பார்த்தார். மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

தொலைந்தேன்! மீன் வாங்கினேன் என்று ஐயாவிடம் போய்ச் சொல்லப் போகிறார்... அதுதான் என் பயம். பையைப் பறித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரே மிதி.

லபோரட்டரிச் சாடிக்குள் மருந்துத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும் என்று பையை அப்படியே உதவியாளிடம் கொடுத்தேன். அவரும் பிரிக்கவில்லை, அப்படியே உள்ளே இறக்கிவிட்டார். திங்கட்கிழமை ஏழு பேரும் வரிசையாய் நின்றோம். ஏழு தட்டு. ஆறு தட்டில் ஆறு சுறா நீட்டி நிமிர்ந்து கிடந்தது. என் பையை நான் தட்டில் கவிழ்த்தேன்.

கறித் துண்டுகள். தோல் நீக்கி, குடல் எடுத்து, அளவாய் வெட்டி, மஞ்சளும் பூசிய பன்னிரண்டு துண்டுகள்!

வகுப்பு வெடித்தது. ஒருவன் வாங்கில் விழுந்து சிரித்தான். இன்னொருவன், "சேர், புளி விடட்டோ?" என்று கேட்டான். எபநேசர் மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு துண்டை ஊசியால் புரட்டிப் பார்த்தார்.

"உம்மடை சுறாவின்ரை ஈரல் எங்கை?"

நான் தட்டைத் துழாவினேன்.

"இதயம்?"

"மயிலிட்டியிலை, சேர்."

அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் காப்பாற்றியது. "வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணித்தியாலம் தாறன். முழுச் சுறா கொண்டுவாரும். அதுவும் பிழைச்சால் உம்மை அனுப்ப ஏலாது" என்றார்.

புதன்கிழமை மறுபடியும் மயிலிட்டி. அதே பெண்.

"வெட்ட வேண்டாம்! தொட வேண்டாம்! முழுசா வேணும்" என்றேன்.

"முழுசாக் கொண்டுபோய் ஆர் அரியிறது? மாமியோ?"

"நான்தான்."

அவள் பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். "இஞ்சை பாரடி, தம்பி தானே அரியப் போறாராம். புருசன் எண்டா உப்பிடியெல்லோ இருக்கவேணும்!"

ஏதோ பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். நின்று கேட்க நேரமில்லை. நின்று கேட்டிருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

வியாழக்கிழமை. லபோரட்டரியில் நானும் மாஸ்டரும் சுறாவும் மட்டும். இதயத்தைத் திறந்து, அங்கிருந்து செவுளுக்குப் போகிற குழாய்களை அறாமல் எடுத்துக் காட்ட வேண்டும். நூல் போன்ற குழாய்கள். கத்தி ஒரு மயிரிழை தவறினால் போச்சு. அரை மணித்தியாலம் போயிருக்கும். ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கத்தில் மூன்று குழாய் வெளியே வந்துவிட்டது. அப்போது கொலிஜ் காவற்காரர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்கடை ஐயா வந்திருக்கிறார். படலையடியிலை வண்டிலோடை நிக்கிறார்."

வண்டிலோடு!

என் கை நின்றுவிட்டது. கொடிகாமத்திலிருந்து ரயில் கோச்சி ஓடுகிறது. கோச்சியில் வராமல் இத்தனை மைல் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏன் வருகிறார்? பெட்டி ஏற்றத்தான். சின்னத்தம்பியர் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்தது.

மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "போறதெண்டாப் போம். ஆனா திரும்பி வந்து தொட ஏலாது."

என்ன செய்வீர்கள் நீங்கள்? சின்ன வயதிலிருந்து எங்கே இருந்தாலும் எழும்பி ஓடுகிறவன் நான். ஓடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு ஓட மனம் வரவில்லை. எப்படியும் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். கடைசியாக இதையாவது முடித்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பிடிவாதம்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றேன். என் வாயால் அந்தச் சொல்!

ஐயா பொறுக்கவில்லை. சிறிது நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. நான் நிமிரவில்லை. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது. நான் நாலாவது குழாயைப் பிடித்தேன். ஐந்தாவதைப் பிடித்தேன். பயம் பயமாய்த்தான் இருந்தது, ஆனாலும் கால் ஆடவில்லை. மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். மறுபக்கத்தையும் பார்த்தார்.

"போதும். பெயரைப் போடுறன்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு ஐயாவுக்குப் பின்னால் நடந்தேன். படலையடியில் வண்டில். கூடாரம் போட்டிருந்தது. அவர் வாய் திறக்குமுன் நான் கொட்டிவிட்டேன். எனக்குத்தான் பொறுமை இல்லையே!

"ஓம், ஐயா. வெட்டினனான்தான். தவளை வெட்டினனான். கரப்பான் வெட்டினனான். இப்ப சுறாவும் வெட்டினனான். உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை. ஆனா இந்தப் படிப்பை விட்டா எனக்கு வேறை ஒண்டும் பிடிக்காது, ஐயா."

ஐயா என்னை விளங்காமல் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். பிள்ளை எங்கை?"

"எந்தப் பிள்ளை?"

"உன்ரை பிள்ளை."

வண்டிலுக்குள் அப்போதுதான் பார்த்தேன். பெட்டி ஏற்ற வந்த வண்டில் இல்லை அது. அடியில் புது வைக்கோல் தடிப்பாய்ப் பரப்பி, மேலே பாய் விரித்து, தலைமாட்டில் ஒரு தலையணை வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு துணி மூட்டை. தோய்த்துத் தோய்த்து மெதுவாகிப்போன பழைய வேட்டியைப் பிள்ளைக்கு அளவாய்க் கிழித்து மடித்த துண்டுகள். ஒரு சிமிழில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள்.

"சின்னத்தம்பி வந்து சொன்னவன்" என்றார் ஐயா. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரண்டு நாள் நானும் கொம்மாவும் சாப்பிடேல்லை. பிறகு அவதான் சொன்னா, பிள்ளை என்ன பாவம் செய்ததெண்டு. ஆரின்ரை பெட்டை, என்ன சாதி எண்டு நான் உன்னைக் கேக்கேல்லை, மோனை. மச்சம் தின்னுற பிள்ளையெண்டு விளங்குது. கொம்மா பின்வளவிலை அவளுக்குத் தனி அடுப்பு வைச்சிட்டா. கூட்டிக்கொண்டு வா. போவம்."

அன்றைக்குத்தான் எனக்குப் பால்சுறா என்றால் என்னவென்று தெரியவந்தது. நான் எத்தனை 'ஓம்' சொன்னேன் என்பதும் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. தலைப்பிள்ளை... ஆம்பிளைப் பிள்ளை... ஐயோ!

"பிள்ளை இல்லை, ஐயா" என்றேன். "பெட்டையும் இல்லை. சோதனைக்குத்தான் சுறா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா இல்லை, ஐயா."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மானம் தப்பியது என்று துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் வண்டிலின் முன்பக்கத்தில் மெதுவாக இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவினார்.

"விடியப் புறப்பட்டனான். வழி முழுக்கப் பேர் யோசிச்சுக்கொண்டு வந்தன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்காக அழுதேன்? இல்லாத ஒரு பிள்ளைக்காகவா? என்னைப் பெட்டியோடு ஏற்றிப் போக வந்தவர் என்று நினைத்த மனிதருக்காகவா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"படிப்பு, ஐயா...?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஊர் சிரிக்கிறதைத் தாங்கிறன் எண்டு துணிஞ்சு வந்தவன் நான். உந்த மீன் எனக்கு ஒரு பாரமோ?" என்றார். "படி. ஆனா வீட்டை வரேக்கை தலை முழுகிப்போட்டு வா."

வெறும் வண்டிலோடு அவர் திரும்பிப் போனதை நான் வீதி வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டராய் வந்தேனா என்று கேட்காதீர்கள். பயோலொஜியில் சித்தியடைந்து தேறினேன். கெமிஸ்ட்ரி என்னைத் துண்டு துண்டாய் வெட்டி மஞ்சள் பூசி அனுப்பிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு இந்தப் பத்தி. பத்து வருஷம் கழித்து நான் கல்யாணம் செய்தவள் மச்சம் தின்கிறவள். அவளுக்காகத் தனியாய் ஓர் அடுப்பு வைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்லத் தயங்கி ஒரு மாதம் அங்குமிங்கும் நடந்தேன். பின்வளவுக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பு அங்கேயே இருக்கிறது. அம்மா அதை இடிக்கவே இல்லை.

இதோ, காகம் பையைக் கிழித்துவிட்டது. சுறாவின் வால் வெளியே தொங்குகிறது. நேர்ஸ் நாலாம் தரம் வந்து, "உங்களைப் பாத்தா எனக்கே தலை சுத்துது, ஒரு இடத்திலை இருங்கோ" என்று அதட்டிவிட்டுப் போகிறார்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஐயா இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. விடியவே வந்துவிட்டார், அதே மாதிரிக் கூடார வண்டிலில், புது வைக்கோல் பரப்பி. மூட்டை மடியில் இருக்கிறது. காலை முழுக்க அசையவில்லை.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஐயா, அண்டைக்கு வழியிலை யோசிச்ச பேர் என்ன? இப்ப எண்டாலும் சொல்லுங்கோவன்."

ஐயா உள்ளே போகிற கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தமுறை பிள்ளையைக் கண்ணாலை கண்டாப் பிறகுதான்" என்றார்.